கிழிந்த ஒலிக்கு ஒரு பீங்கான் பெட்டி

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலி, நாற்காலி மேல் பேன்ட். அலுவலக ஆள் ஒருவர் இடுப்புக்கு மேல் காணாமல் போனது மாதிரி.

ஆல்பர்ட் வந்துபோனான். கூட்ஸ் ரயில் கார்டு, சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன், முப்பது வருடப் பழக்கம். கிறிஸ்துமஸுக்குள் ஒரு ஃபஸ் பெடல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். கடையில் வாங்கினால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுதான் நட்பு போலிருக்கிறது.

அவன் போனதும் அரசி (என் மனைவி, தமிழரசி என்று ரேஷன் கார்டு மட்டும் கூப்பிடும்) விசாரணை வைத்தாள்.

"அது இன்னா பண்ணும்?"

"கிட்டார்லேர்ந்து நல்ல சத்தம் வரும். அத வாங்கி நசுக்கி, கிழிச்சு, கரகரன்னு ஆக்கி வெளிய அனுப்பும். கால்ல மிதிச்சா ஓடும்."

"நல்ல சத்தத்த கெடுக்கறதுக்கு மெஷினா? சும்மா வுட்டாலே கெட்டுப்போவும்."

பகல் முழுவதும் கம்பெனியில் கரகரக்கிற பீங்கானைக் கழித்துப் போடுவது என் வேலை. மாலையில் வீட்டில் கரகரப்பைத் தயாரிக்கப் போகிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இந்த மழைக்குக் கொசு ரொம்பக் குறைவு. நகராட்சி ஏதோ செய்திருக்கிறது. முதல்முறையாக அவர்களைப் பாராட்டி எழுதுகிறேன், தேதியோடு இருக்கட்டும்.

அரசி காலைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். அலர்ஜி என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. கம்பெனி வாசலில் களிமண் லாரி புதைந்து நின்றது. விருத்தாசலத்தில் களிமண்ணே களிமண்ணில் மாட்டிக்கொள்ளும்.

கம்பெனியில் எனக்கு இன்சுலேட்டர் தட்டும் மேசை. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பழுப்பு நிறப் பீங்கான். சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் மரச்சுத்தியால் தட்டுவேன். மணி மாதிரி ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே கீறல், குப்பைக்கு. மின்சாரம் செலுத்திச் சோதிப்பது மாதிரிக்குச் சிலதைத்தான். மீதி எல்லாம் என் காது. இருபத்திரண்டு வருடம்.

எதிரில் கோமதி. நான் தட்டித் தள்ளுவதற்கு முத்திரை குத்தி அடுக்குவாள். கம்மாபுரம் பக்கம் ஒரு ஊர். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது. போகிறது, போகவில்லை, போகும் என்று நான்கு வருடமாக மூன்று காலத்திலும் கேட்டுவிட்டேன்.

அவளிடம் பெட்டி விஷயம் சொன்னேன். பெடலுக்கு அலுமினியப் பெட்டிதான் வழக்கம். இந்த ஊரில் இருந்துகொண்டு அலுமினியமா? பீங்கானில் வார்த்தால் என்ன?

"பெட்டி தானண்ணே? பழைய பிளாஸ்டர் அச்சு ஒண்ணு கெடக்குது, சோப்பு டப்பா மாரி. ஊத்திடுவோம்."

"சூளையில சுருங்குமே, அதுக்கும் சேத்து பெருசா இருக்கணும்."

"எனக்கே சொல்றீங்களா?"

மதியமே வார்த்தாகிவிட்டது. குமிழ்களுக்கும் மிதி சுவிட்சுக்கும் பச்சை மண்ணிலேயே துளை போட்டேன். இந்த மழையில் தானாகக் காய மாசம் ஆகும். சூளைக்கு மேல் சூட்டில் வைத்தோம். அவசரமாகக் காய வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் நான்தான் சொல்வேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். மாலை ஆறு மணிக்கு சால்டரிங் அயர்னை எடுத்தேன். அரசி ஜன்னலைத் திறந்தாள். ஈரக் காற்று, ஈயப் புகை.

பட்டியல்:
டிரான்சிஸ்டர் 2. ஜெர்மானியம். செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து பிடுங்கியது.
கெப்பாசிட்டர் 3.
ரெசிஸ்டர் 4. ஒன்றின் கால் ஒடிந்தது.
குமிழ் 2. ஒன்று சத்தத்துக்கு, ஒன்று நாசத்துக்கு.
ஒன்பது வோல்ட் பேட்டரி.
மிதி சுவிட்ச். கடைக்காரர், "இது தையல் மெஷினுக்கா சார்?"

ஜெர்மானியம் சூட்டில் ஒழுகும், குளிரில் இறுகும். வெயிலில் ஒரு குணம், மழையில் ஒரு குணம். சொந்தக்காரர்களோடு பழகியதால் எனக்கு இது புதிதல்ல.

இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு கெட்ட ஒலி வரும் என்பதே நம்பிக்கை தருகிறது. அரசாங்கத்துக்கு ஆயிரம் பேர் வேண்டியிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மழை இல்லை, வெயிலும் இல்லை. சர்ச் முடிந்ததும் ஆல்பர்ட் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயருமாக வந்தான். பெட்டி இன்னும் இல்லை. சர்க்யூட்டை ஓர் அட்டையில் ஒட்டி மேசை மேல் வைத்தேன்.

முதல் மிதி (கையால்). வந்தது. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. ஆல்பர்ட் கண்ணை மூடினான். பாதிரியாருக்கு முன்னால் கூட அவன் அப்படி மூடியதில்லை.

ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. மொத்தையாக இருந்தது. போர்வைக்குள் இருந்து பேசுவது போல. கடைசி கெப்பாசிட்டரின் மதிப்பைக் குறைத்தால் அடித்தொனி போகும், கூர்மை கூடும். குறைத்துக்கொண்டே போனேன்.

முதல் கெப்பாசிட்டர்: நான் – மந்தம். ஆல்பர்ட் – "சூப்பர்டா, இதோட வுடு." அரசி – "பரவால்ல."
இரண்டாவது: நான் – இன்னும் கொஞ்சம். ஆல்பர்ட் – மூக்கைச் சுருக்கினான். அரசி – கதவைச் சாத்தினாள்.
மூன்றாவது, இருப்பதிலேயே சின்னது: நான் – இப்போதுதான் சரி. ஆல்பர்ட் – "டேய் மச்சான், பல்லு கூசுதுடா." அரசி கதவைத் திறந்து, "ஒரு கொசுவ பிடிச்சு மைக்க குடுத்தாப்புல இருக்குது."

இருவருக்கும் ரசனை போதாது. மூன்றாவதையே வைத்துக்கொண்டேன். கலைஞன் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

மேகமூட்டம். கோமதி மூன்று நாள் லீவு. நில அளவைக்கு ஆபீசர்கள் வருகிறார்களாம், வீட்டு ஆள் எல்லோரும் இருக்க வேண்டுமாம். முத்திரை குத்த வேறு ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். பேச்சே இல்லாத மனிதர். முத்திரையும் பாதிதான் விழுகிறது.

தட்டினேன். கழிவு மிகக் குறைவு. நல்ல மண் வந்திருக்கிறது போல.

நவம்பர் 20, வியாழன்

இன்றும் அப்படியே. மூன்று நாளில் கழிந்தது நான்கு. மேனேஜர் மேசை வரை வந்து பாராட்டினார். "இதே மாரி போவட்டும் சார்." போகிற மாதிரிதான் இருந்தது. சரக்கு மாலையே லாரியில் ஏறியது. சேத்தியாத்தோப்புக் கிடங்குக்கு.

நவம்பர் 24, திங்கள்

பெட்டி சூளையிலிருந்து வந்தது. பழுப்பு கிளேஸ் (கண்ணாடி மாதிரி மேற்பூச்சு) பூசி, இன்சுலேட்டர்களோடு இன்சுலேட்டராக வெந்திருக்கிறது. அழகு. கம்பத்தில் ஏற வேண்டியது, கால் வழுக்கிக் கீழே வந்துவிட்டது மாதிரி.

ஒரு குறை. பெட்டி சுருங்கும் என்று கணக்குப் போட்டேன். துளையும் சேர்ந்து சுருங்கும் என்று போடவில்லை. குமிழ் நுழையவில்லை. இருபத்திரண்டு வருடம் பீங்கானில் இருக்கிறவன் செய்ய வேண்டிய தவறா என்று கேட்டால், வேறு யார் செய்வார்கள்? துணிக்கடைக்காரர் செய்ய முடியாது.

பழக்கதோஷம், மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். மணி.

கோமதி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். நிலத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அளந்துட்டாங்கண்ணே. இருக்கறதவிட கம்மியா வந்துது," என்றாள். பிறகு கையை நீட்டி, "பெட்டிய குடுங்க, நானும் ஒரு தட்டு தட்றன்."

"என் பெட்டிக்கே இன்ஸ்பெக்ஷனா?"

பைக்குள் வைத்துவிட்டேன். அவள் கையை உடனே மடக்கவில்லை. அப்புறம் மடக்கிக்கொண்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

மூன்று மாலையாகத் துளையை அரத்தால் பெரிதாக்கும் வேலை. பீங்கான் பொடி மூக்கில். இன்றைக்குக் குமிழ் நுழைந்தது. அரசி: "இவ்ளோ பொறுமையா எங்கப்பா ஊட்டுக்கு ஒரு தடவ வந்திருக்கீங்களா?"

மழைக்குப் பின் இரவில் சில்வண்டு கத்தும். இந்த வருடம் அதுவும் இல்லை. பூச்சி இனமே அழிகிறது என்று படித்தது சரிதான். அரசியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "கத்திக்கிட்டு தான இருக்குது?" என்றாள். பிறகு சாம்பார் பொங்கியது, போய்விட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

பலத்த மழை. காற்று. எல்லாவற்றையும் இன்றே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆல்பர்ட். பெடலைப் பெட்டிக்குள் மாட்டியாகிவிட்டது. சொருகியதும் 'ம்ம்ம்ம்' என்று ஓர் ஓயாத முனகல். காரணம் பிறகுதான் உறைத்தது. உலோகப் பெட்டி என்றால் வெளியிலிருந்து வருகிற மின் இரைச்சலைத் தடுக்கும். பீங்கான் தடுக்காது. பல ஆயிரம் வோல்ட்டை நிறுத்துகிற பொருள், பக்கத்து வீட்டு மிக்ஸியை உள்ளே விட்டுவிட்டது. நடுவில் ஏதோ ரேடியோ நிலையத்தில் ஒருவர் நெல் விலை சொன்னார். ஆல்பர்ட் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், இது பெடலு இல்லடா, வானொலி."

பிரியாணி பொட்டலத்தின் அலுமினியத் தாளைக் கழுவி உள்ளே ஒட்டினேன். முனகல் பாதியானது. நெல் விலை நின்றது.

"சரி, நெசமா மிதிக்கிறன்," என்று ஆல்பர்ட் எழுந்தான். செருப்பு கூடப் போடவில்லை. வெறுங்காலால், மெதுவாகத்தான் மிதித்தான்.

பெட்டி இரண்டாகப் பிளந்தது.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "நான் அழுத்தவே இல்லடா." "தெரியும், வுடு, வேற செஞ்சிக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன். காலில் கீறல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான்.

பிறகு உடைந்த பெட்டியைக் கையில் எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். புதிதாக உடைந்த பீங்கான் வெள்ளையாக, சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கும். இதில் பாதி வெள்ளை. மீதிப் பாதியில் பழுப்பு. மேல் பூசிய கிளேஸ் உள்ளே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் பூசுவதற்கு முன்னாலேயே, அவசரமாகக் காய்ந்தபோதே, அங்கே கீறல் இருந்திருக்கிறது. சூளையில் கீறலோடு வெந்திருக்கிறது. நான் தட்டியபோது கீறல் இருந்தது.

நான் மணி கேட்டேன்.

இந்தப் பழுப்பு ஓரத்தை எத்தனை பேருக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். "இது தட்டும்போதே தெரிஞ்சிருக்கணும்" என்பது என் வசனம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கொசு, சில்வண்டு, மூன்றாவது கெப்பாசிட்டர், கழிவு நான்கு. வரிசையாக வந்து உட்கார்ந்தன, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருகிற மாதிரி. எழுப்ப முடியவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

தூறல். உடைந்த பாதியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். கோமதி முன்னால் வைத்தேன். ஓரத்தைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு இன்சுலேட்டரும், அடுக்கிலிருந்து ஒன்றும் எடுத்தேன். என் முதுகுக்குப் பின்னால் தட்டச் சொன்னேன்.

டொக்.
டொக்.

"எது நல்லது?" என்றாள்.

"ரெண்டும் ஒரே மாரி இருக்குது."

"அண்ணே, ரெண்டாவது மணியண்ணே."

கண்ணால் பார்த்துத் தட்டும்போது கை நினைவில் மணி அடித்திருக்கிறது. காது வேலையை விட்டு எவ்வளவு காலமானது என்று கைக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய விரிசல் தெரிகிறது. மயிர்க்கீறல் தெரியவில்லை.

பிறகு அவள் சொன்னாள், ஸ்டாம்பு பேடைப் பார்த்துக்கொண்டே.

"ஆடிக்கு முன்னாடிலேர்ந்து எனக்கு தெரியும். நீங்க டீ குடிக்க போவீங்க இல்ல, அப்ப நான் எல்லாத்தயும் இன்னொரு தபா தட்டுவன். கீறல் இருக்கறத எடுத்து தொட்டில போட்டுடுவன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்கள ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் எனக்கு இந்த வேல சொல்லிக் குடுத்தது யாருன்னு கேப்பாங்க." சிரிக்கப் பார்த்தாள். "நம்ம ஊரு ஆளுங்கதான் கம்பத்துல ஏறுறாங்க. அதான் வுடல."

எனக்கு டீ நீளமாகக் குடிக்கிற பழக்கம். அதற்கு இப்படி ஒரு பயன்.

"நீ லீவுல இருந்த மூணு நாளு?"

அவள் முகம் அதற்கு முன்பே அங்கே போயிருந்தது. "அதத்தான் வந்ததுலேர்ந்து நெனச்சிக்கிட்டு இருக்கன்."

இன்னொன்றும் சொன்னாள். தை பிறந்தால் குடும்பத்தோடு மாற்று இடத்துக்குப் போகிறார்கள். வேலைக்கு வர முடியாது. தூரம்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில், இரண்டு மணி நேரம். காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறை, ஹெட்போன். வெளியே ஒரு பெண். "பீப்பு கேட்டா கைய தூக்குங்க சார்."

தூக்கினேன். தூக்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் எழுந்து வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"நான் பட்டன அழுத்துறதுக்கு முன்னாடியே கைய தூக்குறீங்க சார். என் கண்ண பாக்குறீங்க."

நான் பார்ப்பது எனக்கே தெரியாது. அவள் புருவத்தைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதில் தேர்வில் காப்பி அடித்துப் பிடிபட்டது இதுதான் முதல்முறை.

தாளில் ஒரு கோடு. இடப்பக்கம் சமவெளி, வலப்பக்கம் பள்ளத்தாக்கு. "பேச்செல்லாம் கேக்கும். மேல் ஸ்தாயிதான் போயிடுச்சு. தினமும் தட்டுற வேலையா? அதுவும் ஒரு காரணம்," என்றார் டாக்டர். நன்றாகக் கேட்டது.

ஆக, ரசனை என்று நினைத்தது பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்ப நான் கொட்டிய மண்ணில்தான் ஆல்பர்ட்டுக்குப் பல் கூசியிருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். மாலை மழை நின்றது. அரசி வாசலில் அகல் வரிசை வைத்தாள். காற்றில் பாதி அணைந்தது. நான் மறுபடி ஏற்றிக்கொண்டே போனேன். அவளிடம் அப்போது சொன்னேன், குனிந்தபடியே.

"எனக்கு தெரியும்," என்றாள். "குக்கர் கத்தறத வுடுங்க, பாலு தீயறத மூக்காலதான கண்டுபுடிக்கிறீங்க. சொன்னா கோவம் வரும்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தகவல் தாமதமாக வந்திருக்கிறது. கேட்டால்தானே.

"கம்பெனில சொல்லப் போறன்."

அகலுக்கு எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தினாள். "சொன்னா?"

"தெரியல."

"சொல்லாட்டி?"

"யாராவது ஏறுவான்."

எண்ணெய் ஊற்றினாள். கொசு கடிக்கிறது என்று உள்ளே போனாள். நானும் போனேன், நம்பிக்கையின் பேரில்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், அடியேனது செவித்திறன்…' அடித்தேன். 'தங்கள் மேலான கவனத்திற்கு…' அடித்தேன். கடைசியில்: 'எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. நவம்பர் 18, 19, 20 ஆகிய நாட்களில் நான் தட்டி அனுப்பிய சரக்கைத் திருப்பி வரவழைக்க வேண்டும்.' இரண்டு வரி. இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே நல்ல உரைநடை.

டிசம்பர் 4, வியாழன்

மழை. மேனேஜர் கடிதத்தைப் படித்தார். மடித்தார். என்னிடமே கொடுத்தார்.

"எழுத்துல எதுக்கு சார்? வாயால சொல்லிட்டீங்க இல்ல, போதும்."

"சரக்கு, சார்?"

"ரெண்டு வாரம் ஆச்சு. இந்நேரம் மேல ஏத்திருப்பாங்க. கம்பத்த கம்பமா இறக்கி தட்டவா முடியும்? அதெல்லாம் ஒண்ணும் ஆவாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க. ஆபீஸ்ல ஏதாவது பாக்கலாம்."

நல்ல மனிதர். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மற்றதையெல்லாம் சத்தமாகப் பேசினார். வராந்தாவில் எல்லோரும் கேட்டார்கள்.

மரச்சுத்தியை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். கைப்பிடி என் விரல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அடுத்தவருக்குப் பொருந்தாது.

டிசம்பர் 6, சனி

மூட்டம். யாரிடமும் கேட்காமல் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் கலங்கி, வேகமாக. இருபக்கமும் வயலில் தண்ணீர். வழியெல்லாம் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றின் மேலும் பழுப்பாக, அமைதியாக. நம்முடையதா, வேறு கம்பெனியா, கீழேயிருந்து தெரியாது.

காண்ட்ராக்டர் கிடங்கு. தகரக் கூரை. லுங்கியோடு ஒரு ஆள் மட்டும், ஏணிமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு. முருகையன், லைன் வேலை பார்க்கிறவராம்.

"விருத்தாசலத்து பீங்கானா? தோ கெடக்குது பாருங்க. இந்த மழைல எவன் கம்பம் நடுவான்? குழி தோண்டுனா கெணறு ஆவுது."

மூலையில் அடுக்கியிருந்தது. பாதி விழுந்த முத்திரை. ஒன்று கூட ஏறவில்லை. நான் அந்த அடுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கு வாரமாக நான் திட்டிய மழை.

விஷயத்தைச் சொன்னேன். முருகையன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கீறல் இருந்தா இன்னா சார் ஆவும்?"

"தண்ணி எறங்கும். மழைக்காலத்துல கரண்டு கம்பத்துக்கு வரலாம்."

"கம்பத்துல நான் இருப்பன்."

"ஆமாம்."

மேனேஜருக்கு போன் போட்டேன். சரக்கு கீழேயே இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை பேசலாம் சார் என்றார். முருகையன் கையை நீட்டி போனை வாங்கினார். சண்டை இல்லை. மாடு விலை பேசுகிற குரல்தான்.

"சார் வணக்கம். நான் மேல ஏறுற ஆளு. நீங்க ஒரு தபா வாங்க, நாலு பீங்கான மாட்டி லைன போட்டு வுடுறன், நீங்களே ஏறி புடிச்சு பாத்துட்டு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க. அப்பறம் நான் ஏறிக்கிறன்."

அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. முருகையன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "டெம்போ அனுப்புறாராம்."

பஸ் வரும்வரை என்னோடு நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும், "நல்ல வேள, வந்தீங்க. வராம கூட இருந்திருக்கலாம்," என்றார். இது பாராட்டா என்று பாலம் வரை யோசித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். பெடல் இப்போது அரசியின் பழைய எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில். முனகல் சுத்தமாகப் போய்விட்டது. கடைசி கெப்பாசிட்டரைக் கழற்றி முதலில் இருந்ததையே போட்டேன், நான் மந்தம் என்று சொன்னதை.

ஆல்பர்ட் மிதித்தான். டப்பா நசுங்கவில்லை.

மதிப்பீடு:
நான் – போர்வைக்குள்ளிருந்து.
ஆல்பர்ட் – கண்ணை மூடிவிட்டான்.
அரசி – "இது நல்லாருக்குது. கரகரப்பா இருந்தாலும் குத்தல."

முடிவு: பெடல் தேறியது. மதிப்பீட்டாளர் தேறவில்லை.

"ரொம்ப தாங்க்ஸ் மச்சான். கிறிஸ்துமஸ்ல இத மிதிச்சேன்னா ஃபாதர் என்ன வெளிய அனுப்பிடுவாரு," என்றான் சந்தோஷமாக. அவனுக்கும் விஷயம் சொன்னேன். கொஞ்ச நேரம் கம்பியைச் சும்மா தேய்த்துக்கொண்டிருந்தான். "அந்த மூணாவது கெப்பாசிட்டர் அன்னிக்கே எனக்கு டவுட்டுடா. நீ வருத்தப்படுவேன்னு…"

முன்பே தெரிந்தவர்கள் பட்டியலில் அவனையும் சேர்த்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பனி. டெம்போ நேற்றே வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. மூன்று நாள் சரக்கு, தட்டும் மேசைக்குப் பக்கத்தில் மலையாக. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து முடிச்சிடுங்க. அப்பறம் நீங்க ஆபீசுக்கு வந்துடுங்க சார்." கோமதி போன பிறகு யார் தட்டுவார்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்ப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

இடம் மாறி உட்கார்ந்தோம். அவள் பக்கம் சுத்தி. என் பக்கம் சாக்பீஸும் நோட்டும்.

"சுத்தி பிடி வழுக்குதுண்ணே. உங்க வெரலுக்கு தேஞ்சிருக்குது."

"துணி சுத்திக்கோ."

சுற்றிக்கொண்டாள். தட்டினாள். நல்லது என்றால் "ம்" என்பாள், நான் கோடு போடுவேன். கொஞ்ச நேரத்தில் "ம்" சொல்வதை நிறுத்திவிட்டாள், தேவைப்படவில்லை, அவள் புருவமே சொன்னது. மதியத்துக்குள் ஏழு கீறல். நான் தேற்றி அனுப்பியவை. ஒவ்வொன்றையும் அவள் தொட்டியில் போடவில்லை, என் கையில் கொடுத்தாள். நான் போட்டேன்.

டீ மணி அடித்ததாம். போகவில்லை.

நூற்று நாற்பத்தி மூன்று. தட்டினாள். புருவம் அசையவில்லை. கோடு.

நூற்று நாற்பத்தி நான்கு. தட்டினாள். எனக்கு மணி கேட்டது, தெளிவாக. அவள் முகத்தைப் பார்த்தேன்.

எழுதினேன்: கீறல்.